கொழுந்துக் கணக்கும் எச்ரிரிபிஎஸ் பூட்டும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வினாத்தாளில் இணையப் பாதுகாப்புப் பற்றிய வினா வந்தால், மாணவர் பலர் ஒரே வாக்கியத்தில் விடையளித்து முடித்துவிடுவர்: “எச்ரிரிபிஎஸ் பாதுகாப்பானது.” இவ்வாக்கியம் பிழையன்று. ஆனால் எதிலிருந்து பாதுகாப்பு, எவ்வாறு பாதுகாப்பு என்ற இரண்டும் அதில் இல்லை. புள்ளிகள் அந்த இரண்டுக்கும்தான். பைதன் மொழியில் எழுதிய ஒரு சிறிய வலைச் சேவையை எடுத்து, அதற்கு நாமே எச்ரிரிபிஎஸ் பூட்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் விளங்கிவிடும்.

சேவை என்ன?

தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தரம் 11 இற் கற்கும் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். தாயார் கொழுந்து பறிப்பவர். காலை, பகல், மாலை என மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படும். அன்றைய மொத்த நிறை தோட்டம் நிர்ணயித்த அளவைத் தொட்டால் முழுப்பேர், தொடாவிட்டால் அரைப்பேர். மாத முடிவில் சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது தாயாரின் நினைவிலுள்ள கணக்கும் சீட்டிலுள்ள கணக்கும் பொருந்தாத மாதங்கள் உண்டு. எழுதி வைத்த கணக்கு இல்லாதவர் அதைக் கேட்பது எப்படி?

மகள் ஒரு செய்நிரல் எழுதுகிறாள். தொழிலாளர் ஒவ்வொருவரும் தமது பதிவிலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, அன்றன்றைய நிறையைக் கையடக்கத் தொலைபேசியில் தட்டச்சு செய்கின்றனர். தோட்டத்து வாசிகசாலையிலுள்ள கணினி அதை வாங்கிச் சேமிக்கிறது. மாத முடிவில் அவரவர் பக்கத்தை அவரவர் பார்க்கலாம். பிளாஸ்க் எனும் இலவச நூலகத்தைப் பயன்படுத்தினால் இச்செய்நிரல் நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும். தொலைபேசியிலுள்ள மேலோடி சேவைபெறுநர். வாசிகசாலைக் கணினி சேவையகம். பாடநூலில் நீங்கள் வரைந்த அதே படம்தான்.

செய்நிரல் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முகவரி எச்ரிரிபி என்று தொடங்குகிறது. அதாவது தொலைபேசியிலிருந்து புறப்படும் தரவு, எழுதியது எழுதியபடியே போகிறது. “பதிவிலக்கம் 214, காலை 7, பகல் 6, மாலை 5” என்பதும் அதனோடு அனுப்பப்படும் கடவுச்சொல்லும் வழியில் உள்ள எவரும் வாசிக்கக்கூடிய வெற்று எழுத்துகளாகவே இருக்கும்.

வழியில் யார் இருக்கிறார்கள்? ஒரே வைபை வலையமைப்பில் இணைந்திருக்கும் வேறு தொலைபேசிகள், வழிப்படுத்தி, தொலைபேசி நிறுவனத்தின் கோபுரம், அதற்கப்பால் இணையச் சேவை வழங்குநரின் சாதனங்கள் எனப் பல கைகளினூடாகத் தரவுப் பொதிகள் செல்கின்றன. இலயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், பல தோட்டங்களில் நெடுங்காலம் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, பின்பு வேறொருவர் கைமூலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்தது ஒட்டிய கடிதமா, தபாலட்டையா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எச்ரிரிபி ஒரு தபாலட்டை.

தபாலட்டையை வாசிப்பது மட்டுமன்று, திருத்துவதும் இலகு. மாலை 5 கிலோவை 3 ஆக்கினால் மொத்தம் 18 இலிருந்து 16 ஆகும். நிர்ணய அளவு 18 கிலோ எனின், முழுப்பேர் அரைப்பேராகிவிடும். வாசிகசாலைக் கணினி தனக்கு வந்ததைத்தான் சேமிக்கும். தொலைபேசியில் என்ன எழுதப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. மூன்றாவது ஆபத்து இன்னும் நுணுக்கமானது: வாசிகசாலைக் கணினிபோல் நடிக்கும் வேறொரு கணினி தரவு முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளலாம். வாசித்தல், மாற்றுதல், ஆள்மாறாட்டம் ஆகிய இம்மூன்றிலிருந்துதான் எச்ரிரிபிஎஸ் பாதுகாக்கிறது. மாணவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு ஏனைய இரண்டையும் விட்டுவிடுகின்றனர்.

முன்பின் அறியாத இருவர் ஓர் இரகசியத்தை எப்படிப் பகிர்வது?

எச்ரிரிபிஎஸ் ஒரு புதிய மொழியன்று. அதே எச்ரிரிபிக்கு மேல் ரிஎல்எஸ் எனப்படும் உறையைப் போட்டதே அது. இவ்வுறையின் பழைய பெயர் எஸ்எஸ்எல். நெற்ஸ்கேப் நிறுவனம் 1995 இல் வெளியிட்டது. 1999 இல் ரிஎல்எஸ் எனப் பெயர் மாறியது. 2018 இல் அதன் 1.3 ஆம் பதிப்பு வந்தது. பெயர் மாறி இத்தனை ஆண்டாகியும் பைதனின் நூலகக் கூறுக்கு எஸ்எஸ்எல் என்றே இன்னும் பெயர். இரண்டும் வேறுவேறு என நினைத்துக் குழம்ப வேண்டாம்.

உறைக்குள் தரவு மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்துவது சமச்சீர் மறைகுறியாக்கம். இது வேகமானது. ஆனால் ஒரு சிக்கல்: தொலைபேசியும் வாசிகசாலைக் கணினியும் இதற்கு முன் சந்தித்ததே இல்லை. சாவியை ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பினால் வழியிலுள்ளவரும் அதைப் பார்த்துவிடுவார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இருவர் மட்டும் ஓர் இரகசிய எண்ணுக்கு உடன்பட முடியுமா?

முடியும் என 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். சுட்டியும் மீதியும் தெரிந்த எவரும் இதைக் கொப்பியிற் செய்து பார்க்கலாம். செய்து பார்க்காமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம்.

2, 13 ஆகிய இரு எண்களை எல்லோரும் அறியப் பகிரங்கமாக வைத்துக்கொள்வோம். தொலைபேசி தனக்குள் 5 என்ற இரகசிய எண்ணைத் தெரிகிறது. 2 இன் 5 ஆம் அடுக்கு 32. அதை 13 ஆல் வகுக்க மீதி 6. இந்த 6 ஐ அது அனுப்புகிறது. சேவையகம் தனக்குள் 4 ஐத் தெரிகிறது. 2 இன் 4 ஆம் அடுக்கு 16. 13 ஆல் வகுக்க மீதி 3. இந்த 3 ஐ அது அனுப்புகிறது. இப்போது தொலைபேசி தனக்கு வந்த 3 ஐத் தன் இரகசியமான 5 ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது: 243. அதை 13 ஆல் வகுக்க மீதி 9. சேவையகம் தனக்கு வந்த 6 ஐத் தன் இரகசியமான 4 ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது: 1296. அதை 13 ஆல் வகுத்தாலும் மீதி 9.

இருவரிடமும் 9 இருக்கிறது. 9 எந்தப் பொதியிலும் அனுப்பப்படவில்லை. வழியிற் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தவை 2, 13, 6, 3 மட்டுமே. இங்கே எண்கள் சிறியனவாதலால் ஐந்தாறு தடவை முயன்று அவர் விடையைக் கண்டுபிடித்துவிடுவார். உண்மையில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களோ, அதே தத்துவத்தில் அமைந்த வேறு வகைக் கணிதமோ பயன்படுத்தப்படுகிறது. முயன்று பார்த்துக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது. இவ்வாறு கிடைத்த பொது இரகசியத்திலிருந்து சமச்சீர்ச் சாவி உருவாக்கப்பட்டு, அதன்பின் எல்லாத் தரவும் அதனாற் பூட்டப்படும். ஒவ்வொரு பொதியிலும் ஒரு சரிபார்ப்பு முத்திரையும் சேர்வதால், வழியில் யாராவது 5 ஐ 3 ஆக்கினால் முத்திரை பொருந்தாது. சேவையகம் அப்பொதியை ஏற்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும். முதலிரண்டு ஆபத்துகளும் இத்தோடு தீர்ந்தன.

மூன்றாவது தீரவில்லை. இதை மாணவர் கவனிக்கத் தவறுவர். 3 என்ற எண்ணை அனுப்பியது வாசிகசாலைக் கணினிதான் என்பது தொலைபேசிக்கு எப்படித் தெரியும்? நடுவில் இருப்பவர் இரு பக்கமும் தானே பேசி, தொலைபேசியோடு ஓர் இரகசியம், சேவையகத்தோடு வேறோர் இரகசியம் எனச் செய்துகொண்டால், பூட்டு சரியாகவே பூட்டும். ஆனால் சாவி திருடனிடம் இருக்கும்.

அடையாள அட்டையும் இலக்கமுறைச் சான்றிதழும்

பரீட்சை மண்டபத்தில் நீங்கள் மேசைமேல் தேசிய அடையாள அட்டையை வைக்கிறீர்கள். மேற்பார்வையாளர் உங்களை முன்பு கண்டதில்லை. அட்டையை வழங்கிய ஆட்பதிவுத் திணைக்களத்தை அவர் நம்புகிறார். திணைக்களமும் உங்களைக் கண்டதில்லை. உங்கள் விண்ணப்பத்தை உறுதிப்படுத்திய பாடசாலை அதிபரை அது நம்பியது. பாடசாலை செல்லாத தோட்டவாசி ஒருவர் எனின் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தியிருப்பார். ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை சங்கிலியாக வந்து, முன்பின் அறியாத ஒருவர் உங்களை ஏற்றுக்கொள்வதில் முடிகிறது. வெள்ளைக் காகித அட்டையில் நீங்களே பெயரெழுதி, படம் ஒட்டி, நீங்களே கையொப்பமிட்டுக் கொண்டுபோனால் அவர் ஏற்பாரா? நீங்கள் எழுதியது உண்மையாகவே இருந்தாலும் ஏற்கமாட்டார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் அடையாள அட்டைக்கு அலைந்த குடும்பங்கள் தோட்டங்களில் எத்தனையோ. ஆள் உண்மை, அத்தாட்சி இல்லை என்ற நிலையை நமக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

இணையத்தில் இந்த அட்டைக்குப் பெயர் இலக்கமுறைச் சான்றிதழ். அதில் ஆள்களப் பெயர், அதன் பொதுச்சாவி, செல்லுபடியாகும் காலம், வழங்கியவரின் இலக்கமுறைக் கையொப்பம் ஆகியன இருக்கும். பொதுச்சாவிக்கு இணையான தனிச்சாவி சேவையகத்தில் மட்டும் இருக்கும். தனிச்சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கையொப்பமிட முடியாது. மேலே சொன்ன எண் பரிமாற்றத்தின்போது சேவையகம் தன் தனிச்சாவியாற் கையொப்பமிட்டு அனுப்புகிறது. மேலோடி அதைச் சான்றிதழிலுள்ள பொதுச்சாவியாற் சரிபார்க்கிறது. சான்றிதழை வழங்கிய அதிகாரசபையை நம்பலாமா என்பதற்கு, தொலைபேசியிலும் கணினியிலும் ஏற்கெனவே பதியப்பட்டுள்ள வேர்ச் சான்றிதழ்களின் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் தொடங்கும் சங்கிலி இந்தச் சேவையகம்வரை அறாமல் வந்தால் இணைப்பு ஏற்கப்படும். அறுந்தால் எச்சரிக்கைப் பக்கம் தோன்றும்.

2021 பெப்ரவரி 6 அன்று நடந்தது

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கைக்குரிய டொட் எல்கே ஆள்களப் பெயர்கள் 1990 முதல் எல்கே ஆள்களப் பதிவகத்தாற் பேணப்படுகின்றன. 2010 முதல் டொட் இலங்கை எனத் தமிழிலும் பெயர் பதியலாம். பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி முகவரியைச் சொல்வது ஆள்களப் பெயர் முறைமையின் வேலை என்பது நீங்கள் கற்றது.

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை காலை, கூகிளின் டொட் எல்கே முகவரி உள்ளிட்ட சில முகவரிகளைத் தட்டச்சு செய்தவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாட்டின் பல பிரச்சினைகள் அப்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. தேயிலைத் தோட்டத் துறையின் பிரச்சினைகளும் ஊடக சுதந்திரமும் அவற்றுட் சில. கூகிளின் கணினிகளை எவரும் உடைக்கவில்லை. பெயருக்குரிய முகவரிப் பதிவு மாற்றப்பட்டிருந்தது. வழிகாட்டிப் பலகையைத் திருப்பிவைத்தாற் போல. கூகிளின் பெயர் அன்று காலையிலேயே சீர்செய்யப்பட்டது.

நம் தோட்டப் பிரச்சினை இப்படியொரு வழியில் உலகச் செய்திகளில் இடம்பெற்றது வேறு கதை. நமக்கு வேண்டிய வினா இது: பலகையைத் திருப்பியவர் அந்த இடத்தில் எதிர்ப்புப் பக்கத்துக்குப் பதிலாக, வங்கியொன்றின் பக்கம்போன்ற போலியை வைத்திருந்தால்?

முகவரி எச்ரிரிபி ஆயின், தடுக்க எதுவுமில்லை. எச்ரிரிபிஎஸ் ஆயின், மேலோடி போலிச் சேவையகத்திடம் அந்தப் பெயருக்குரிய சான்றிதழைக் கேட்கும். உண்மைச் சேவையகத்தின் தனிச்சாவி போலியிடம் இல்லை. ஆகவே எச்சரிக்கைப் பக்கம் தோன்றும். வழிகாட்டிப் பலகை பொய் சொன்னாலும், வாசலில் கேட்கும் அடையாள அட்டை பொய் சொல்லாது.

ஆனால் இங்கே இரு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, பயனர் முகவரியை வெறுமனே தட்டச்சு செய்யும்போது முதலாவது வேண்டுகோள் பூட்டில்லாமல் எச்ரிரிபி வழியே போக இடமுண்டு. போலி அதைப் பிடித்துக்கொள்ளும். இதற்காகவே சேவையகம் தன் பதிலில் “இனி என்னிடம் எச்ரிரிபிஎஸ் வழியாக மட்டும் வா” என ஒரு தலைப்பு வரி அனுப்பலாம். மேலோடி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது, ஆள்களப் பெயரின் பதிவையே கைப்பற்றியவர், அப்பெயருக்குப் புதிய சான்றிதழொன்றைப் பெறவும் முயலலாம். ஏனெனில் அதிகாரசபைகள் பெயரின் உரிமையாளரைச் சோதிப்பது பெரும்பாலும் அந்தப் பதிவின் வழியாகத்தான். அதிகாரசபையே ஏமாறினால் என்ன நடக்கும் என்பதை 2011 இல் உலகம் கண்டது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் எனும் அதிகாரசபைக்குள் ஊடுருவியவர் கூகிளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கினார். அது ஈரானியப் பயனர்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. மேலோடிகள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின. அந்நிறுவனம் அதே ஆண்டு செப்ரெம்பரில் வங்குரோத்தானது.

பைதன் சேவைக்குப் பூட்டுப் போடுதல்

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை இரண்டு கோப்புகள்: சான்றிதழ்க் கோப்பு, தனிச்சாவிக் கோப்பு. ஆய்வுகூடத்திற் பழகுவதற்கு ஓப்பன் எஸ்எஸ்எல் எனும் இலவச மென்பொருளால் இரண்டையும் ஒரே கட்டளையில் நாமே உருவாக்கலாம். இது நாமே கையொப்பமிட்ட சான்றிதழ். மேலே சொன்ன வெள்ளைக் காகித அட்டை. மறைகுறியாக்கம் முழுமையாக நடக்கும். ஆனால் மேலோடி எச்சரிக்கும். எச்சரிக்கை வருவது வழுவன்று, மேலோடி தன் கடமையைச் செய்கிறது என்பதைக் கவனிக்க.

செய்நிரலில் மாற்ற வேண்டியது மிகச் சிறிதளவே. எஸ்எஸ்எல் கூறை இறக்குமதி செய்து, சேவையகத்துக்குரிய பாதுகாப்புச் சூழல் ஒன்றை உருவாக்குக. அச்சூழலில் இரு கோப்புகளையும் ஏற்றுக. பின்பு சேவையகம் காது கொடுத்துக் கேட்கும் இணைப்பை அச்சூழலால் உறையிடுக. பிளாஸ்க் பயன்படுத்தினால் இதுவும் தேவையில்லை. சேவையை ஓடவிடும் வரியிலேயே இரு கோப்புகளின் பெயரையும் கொடுத்தாற் போதும். 2025 ஒக்ரோபரில் வெளிவந்த பைதன் 3.14 இலோ, பைதனோடு வரும் எளிய சேவையகத்தையே கட்டளை வரியிற் சான்றிதழ் கொடுத்து எச்ரிரிபிஎஸ் ஆக ஓடவிடலாம்.

பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சூழல் எதையும் உருவாக்காமல், எஸ்எஸ்எல் கூறிலிருந்தே நேரடியாக இணைப்பை உறையிடும் ஒரு கட்டளை முன்பு இருந்தது. 2023 இல் வந்த பைதன் 3.12 இல் அது நீக்கப்பட்டுவிட்டது. அக்கட்டளையை எழுதிவிட்டுக் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை.

துறை இலக்கத்தையும் மறக்க வேண்டாம். எச்ரிரிபிக்கு 80, எச்ரிரிபிஎஸ்ஸுக்கு 443. இவ்விரு இலக்கங்களும் பல்தேர்வு வினாக்களில் வரக்கூடியவை. லினக்ஸ் கணினியில் 1024 இற்குக் குறைந்த துறைகளைத் திறக்க வழமையாக நிர்வாகி அனுமதி வேண்டும். ஆகவே பழகும்போது 8443 போன்றதொன்றைப் பயன்படுத்துவர்.

தொழிலாளர் உண்மையாகப் பயன்படுத்தும் சேவைக்கு வெள்ளைக் காகித அட்டை போதாது. “எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, தொடருங்கள்” என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை உண்மையான போலி வரும்போதும் அவர்கள் அதையே செய்வார்கள். இதைவிடப் பூட்டே போடாமல் இருப்பது மேல் என்றுகூடச் சிலசமயம் தோன்றும். 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் எனும் இலாப நோக்கற்ற அதிகாரசபை சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. அதற்கு முன் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்ததால் சிறிய சேவைகள் பல பூட்டில்லாமலே ஓடின. அந்தச் சாட்டு இப்போது இல்லை.

இலவசமாயினும் சோதனை உண்டு. பெயர் உங்களுடையதுதானா என அறிய, ஒரு குறித்த கோப்பை உங்கள் சேவையகத்தில் வைக்கும்படி அதிகாரசபை கேட்கும். பின் வெளியிலிருந்து 80 ஆம் துறை வழியே வந்து அதைப் பார்க்கும். தோட்டங்களில் இங்கேதான் இடறும். கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு வழியாக இணையும் வாசிகசாலைக் கணினிக்குப் பெரும்பாலும் தனக்கென ஒரு பகிரங்க ஐபி முகவரி இருக்காது. வெளியிலிருந்து எவராலும் அதைத் தேடிவர முடியாது. அப்போது இரு வழிகள் உண்டு. ஆள்களப் பெயர்ப் பதிவில் ஒரு குறித்த வரியைச் சேர்த்து உரிமையை நிறுவலாம். அல்லது செய்நிரலை வாடகைச் சேவையகம் ஒன்றுக்கு மாற்றலாம். எவரும் எங்கிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டுமெனின் இரண்டாவதே உகந்தது.

பிளாஸ்க்கோடு வரும் சேவையகம் எழுதிப் பார்ப்பதற்கே உரியது. பலர் பயன்படுத்தும் சேவைக்கு உரியதன்று. அதனால் என்ஜின்எக்ஸ், காடி போன்ற மென்பொருளொன்றை வாசலில் நிறுத்துவர். சான்றிதழும் தனிச்சாவியும் வாயிற்காவலனிடம் இருக்கும். பூட்டும் திறப்பும் அவனுடைய வேலை. பைதன் செய்நிரல் அதே கணினிக்குள் இருந்து அவனோடு மட்டும் பேசும். காடி சான்றிதழைத் தானே கேட்டு வாங்கித் தானே புதுப்பித்தும் கொள்ளும். சிறிய சேவைக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். ஒன்றைக் கவனிக்க: வாயிற்காவலன் ஒரு கணினியிலும் செய்நிரல் வேறொரு கணினியிலும் இருந்தால், இடைப்பட்ட பாதையில் தரவு மீண்டும் தபாலட்டையாகிவிடும்.

எங்கே உடையும்?

பூட்டுப் போட்டபின் வரும் வழுக்களிற் பெரும்பாலானவை கணிதத்தால் வருவன அல்ல, மறதியால் வருவன. சான்றிதழ் காலாவதியாவது முதலாவது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களின் வழமையான ஆயுள் தொடக்கம் முதல் 90 நாள்களாக இருந்தது. 2025 ஏப்ரலில் அதிகாரசபைகளும் மேலோடி நிறுவனங்களும் கூடி, பகிரங்கச் சான்றிதழ் எதுவும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள்களையும் 2029 மார்ச் 15 முதல் 47 நாள்களையும் தாண்டக்கூடாது எனத் தீர்மானித்தன. கையால் புதுப்பிப்போம் என்று நாட்காட்டியில் குறித்துவைப்பது இனிச் சரிவராது. சேர்ட்பொட் போன்ற மென்பொருளைக் கொண்டு தானாகப் புதுப்பிக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, திகதி. பாடசாலை ஆய்வுகூடங்களிலுள்ள பழைய கணினிகளில் தாய்ப்பலகை மின்கலம் செத்துப்போனால் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அக்கணினியில் எந்த எச்ரிரிபிஎஸ் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றே மேலோடி சொல்லும். இணையம் கெட்டுவிட்டது என எண்ணி வழிப்படுத்தியை மூன்று தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. மின்கலத்தை மாற்றித் திகதியைத் திருத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

மூன்றாவது, பழைய சாதனங்கள். அவற்றிலுள்ள வேர்ச் சான்றிதழ்ப் பட்டியலும் பழையது. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்தில் சார்ந்திருந்த வேர்ச் சான்றிதழ் 2021 செப்ரெம்பர் 30 இல் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத கணினிகள் பல, பிழையற்ற தளங்களையே ஏற்க மறுத்தன. கைமாறி வந்த பழைய தொலைபேசிகள் பயன்பாட்டிலுள்ள தோட்டங்களில் சேவையைத் தொடங்குமுன் அத்தொலைபேசிகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பாதிப் பூட்டு. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் எச்ரிரிபிஎஸ் ஆக்கி, மற்றவற்றை எச்ரிரிபியாக விடுவது ஒருகாலத்தில் பெரிய தளங்களின் வழக்கமாகவே இருந்தது. 2010 ஒக்ரோபரில் வெளிவந்த ஃபயர்ஷீப் எனும் சிறு நீட்சி, திறந்த வைபையில் இருப்பவரின் கடவுச்சொல்லைத் தொடாமலே, அவர் உட்புகுந்தபின் மேலோடி அனுப்பும் குக்கியைப் பிடித்து அவர்போல உள்ளே போகலாம் எனக் காட்டியது. அதன்பின்னரே பெரிய தளங்கள் எல்லாப் பக்கத்தையும் பூட்டத் தொடங்கின. எனவே நமது சேவையிலும் 80 ஆம் துறைக்கு வருபவர் எவராயினும் 443 இற்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்.

தனிச்சாவிக் கோப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செய்நிரலை நண்பருக்கு அனுப்பும்போது கோப்புறையோடு சேர்த்துத் தனிச்சாவியையும் அனுப்பிவிடுவது மாணவர் செய்யும் பெரிய பிழை. அது வெளியே போய்விட்டால், அந்தச் சான்றிதழை இரத்துச் செய்து புதிய சாவியோடு புதிதாகப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.

பூட்டு மறைக்காதவையும் உண்டு. எந்த ஆள்களப் பெயருக்குப் போகிறோம் என்பது வழியிலுள்ளவருக்குப் பொதுவாகத் தெரியும். அங்கே என்ன எழுதினோம் என்பது தெரியாது. சேவையகத்தில் வந்து சேர்ந்தபின் தரவைக் காப்பது எச்ரிரிபிஎஸ்ஸின் வேலையன்று. கடவுச்சொற்களை எழுதியபடியே சேமித்து வைத்தால், வாசிகசாலைக் கணினியைத் திறப்பவர் எல்லாவற்றையும் வாசிப்பார். தொழிலாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வருமானம் ஆகியன தனிப்பட்ட தரவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கும் வழிகளில் ஒன்றாக மறைகுறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிறரின் தரவை அனுமதியின்றி இடைமறிப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். ஆகவே மேலே சொன்ன ஆபத்துகளைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் தம்முடைய சொந்தச் சாதனங்களுக்கு இடையில் மட்டுமே சோதிக்க வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. தொழிலாளி ஒருவர் எச்ரிரிபி வழியாக 18 கிலோ எனப் பதிந்தது சேவையகத்தில் 16 கிலோ எனச் சேமிக்கப்பட்டது. வழியில் தரவு மாற்றப்பட்டிருப்பின் எச்ரிரிபிஎஸ் இதை எவ்வாறு தடுத்திருக்கும்?

“மறைகுறியாக்கம் செய்யும்” என்று மட்டும் எழுதினால் பாதி விடை. ஒவ்வொரு பொதியோடும் செல்லும் சரிபார்ப்பு முத்திரை பொருந்தாததால் சேவையகம் அதை நிராகரிக்கும் என எழுதுக.

2. பகிரங்க எண்கள் 2, 13 ஆகவும், தொலைபேசியின் இரகசிய எண் 3 ஆகவும், சேவையகத்தின் இரகசிய எண் 5 ஆகவும் இருப்பின் பொது இரகசியம் யாது?

தொலைபேசி 8 ஐயும் சேவையகம் 6 ஐயும் அனுப்பும். 6 இன் 3 ஆம் அடுக்கு 216. 13 ஆல் வகுக்க மீதி 8. இங்கே பொது இரகசியம், தொலைபேசி அனுப்பிய எண்ணாகவே அமைந்துவிட்டது. சிறிய எண்களைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கு இதுவே ஒரு காரணம் எனக் குறிப்பிடலாம்.

3. “முகவரிப் பட்டையிற் பூட்டுக் குறி உள்ள தளம் எல்லாம் நம்பத்தகுந்தது.” இக்கூற்றுச் சரியா?

பிழை. பூட்டுக் குறி சொல்வது, முகவரிப் பட்டையிலுள்ள பெயருக்குரிய சேவையகத்தோடுதான் பேசுகிறீர்கள், இடையில் எவரும் வாசிக்கவில்லை என்பதை மட்டுமே. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்துகொண்ட மோசடிக்காரரும் அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழ் பெறலாம். விடையில் இவ்வுதாரணத்தையும் சேர்த்து எழுதுக. காரணம் காட்டாமல் “பிழை” என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது.